டிஸ்க்கின் பிறப்பு: முதுகு, சுமை, அதிகாரம்

நோய்களுக்குப் பிறந்த தேதி உண்டு என்று சொன்னால் மருத்துவ நண்பர்கள் சிரிக்கிறார்கள். வலி ஆதாம் காலத்திலிருந்து இருக்கிறது, அதற்கென்ன பிறந்த நாள் என்கிறார்கள். வலியைப் பற்றி நான் பேசவில்லை, வலிக்கு வைத்த பெயரைப் பற்றிப் பேசுகிறேன். குறுக்குவலி, இடுப்புப் பிடிப்பு, வாயு, சுளுக்கு என்று நம் ஊரில் புழங்கிவந்த இத்தனை சொற்களையும் ஓரங்கட்டிவிட்டு, 'டிஸ்க் விலகிருச்சு' என்ற ஒற்றைத் தொடர் கடந்த நாற்பது ஐம்பது வருடங்களில் நம் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பிறந்த தேதி நிச்சயமாக உண்டு: 1934 ஆகஸ்ட் 2. அன்று வெளிவந்த நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் மிக்ஸ்டர், பார் என்ற இரு பாஸ்டன் மருத்துவர்கள் 19 நோயாளிகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் வட்டு உடைந்து பின்னால் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, காலில் இறங்கும் வலிக்கு இதுவே காரணம், அறுத்து எடுத்துவிடலாம் என்பது அதன் சாரம்.

போகிற போக்கில் ஒன்று: டிஸ்க் விலகுவதே கிடையாது. மேலும் கீழும் எலும்போடு இறுகப் பிணைந்தது அது. நார்வளையங்களாலான வெளிச்சுவர் கிழிந்து, உள்ளே இருக்கும் கூழ் போன்ற கரு வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். 'ஜவ்வு பிதுங்கிருச்சு' என்று சொல்கிறவர்கள்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

1934க்கு முன்னால் இந்த வலி எங்கே இருந்தது? நேப்பிள்ஸ் நகரத்து கொத்துன்யோ 1764இல், தொடை வழியே இறங்கும் வலி மூட்டைச் சேர்ந்ததல்ல, நரம்பைச் சேர்ந்தது என்று பிரித்துக் காட்டினார். அது சையாட்டிகா. காலை நீட்டி உயர்த்தினால் வலி சுரீரென்று இழுக்கும் அடையாளத்தை 1880இல் செர்பியாவில் லாசரேவிச்சும், 1881இல் பாரிஸில் லசேக்கின் மாணவர் ஃபோர்ஸ்டும் எழுதினார்கள். பெயர் என்னவோ லசேக்குக்குத்தான் போயிற்று. பிதுங்கிய வட்டை 1850களிலேயே விர்ஹோவும் லுஷ்காவும் பிணங்களில் பார்த்துப் பதிந்திருந்தார்கள். ஆக வலி ஒரு பக்கம், வட்டு ஒரு பக்கம். ரெண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. 1908இல் பெர்லினில் க்ரௌசே என்ற அறுவை மருத்துவர் பிதுங்கிய ஜவ்வைக் கையால் எடுத்தே வெளியே போட்டார். நோயாளி எழுந்து நடந்தார். எடுத்ததற்கு அவர் வைத்த பெயர் குருத்தெலும்புக் கட்டி. கண்ணெதிரே கிடந்தும் தெரியவில்லை. பார்வைக்கு முன்னால் சொல் வேண்டியிருக்கிறது.

இங்கே ஃபூக்கோ வந்துவிடுவார் என்று வாசகர்கள் எதிர்பார்ப்பது தெரிகிறது. வரட்டும். மருத்துவமனையின் பிறப்பு பற்றிய 1963ஆம் வருடத்துப் புத்தகத்தில் அவர் சொல்வது, நவீன மருத்துவப் பார்வை பிணத்தைத் திறந்துதான் உயிருள்ள உடலைப் படிக்கக் கற்றுக்கொண்டது என்பது. டிஸ்க்கின் கதை இதற்கு அச்சடித்த உதாரணம். 1911இல் கிளாஸ்கோவில் ஒரு தொழிலாளி கனமான இரும்புத் தகட்டைத் தரையிலிருந்து தூக்கியபோது இடுப்பில் ஏதோ முறிந்தது போலிருந்தது. கால்கள் செயலிழந்தன, செத்துப்போனார். மிடில்டன், டீச்சர் என்ற இருவர் பிணத்தை அறுத்து, வட்டின் கூழ் தண்டுவடத்தை நசுக்கியிருந்ததைக் கண்டு எழுதினார்கள். எழுதியது அப்படியே கிடந்தது. டிரெஸ்டனில் ஷ்மோர்ல் என்ற நோய்க்குறியியலாளர் ஆயிரக்கணக்கான பிணங்களின் முதுகெலும்புகளை அறுத்து அறுத்துப் பார்த்தார். அப்படி ஒன்றை அறுக்கையில் விரலில் பட்ட காயம் சீழ்பிடித்து 1932இல் இறந்தார். அதே 1932 டிசம்பரில் பாஸ்டனில், பனிச்சறுக்கு விளையாடும்போது அடிபட்ட 28 வயது இளைஞர் ஒருவரின் முதுகை மிக்ஸ்டர் திறந்தார். அப்போதும் கட்டி என்றே நினைத்தார்கள். ஷ்மோர்லைப் படித்திருந்த பார்தான், இது கட்டியில்லை, வட்டு என்று பிடித்தார். பிறகு மருத்துவமனையில் 'கட்டி' என்று பெயரெழுதி சேமித்து வைத்திருந்த பழைய ஜாடிகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை வட்டுகள்!

தகடு தூக்கியவனின் முதுகு பிணமான பிறகு படிக்கப்பட்டது; விளையாடப் போனவரின் முதுகு உயிரோடு படிக்கப்பட்டது. இதைத் தற்செயல் என்று சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஆனால் ஃபூக்கோவோடு நின்றுவிட்டால் பாதிக் கதைதான். மிக்ஸ்டரும் பாரும் தலைப்பில் போட்ட சொல் 'உடைவு'. தேய்வு இல்லை, முதிர்வு இல்லை, உடைவு. உடைந்தது என்றால் உடைத்தது யார் என்ற கேள்வி வரும், கேள்வி வந்தால் நஷ்டஈடு வரும். ரயில் விபத்துகளில் அடிபட்டவர்களுக்கு வெளிக்காயமே இல்லாமல் முதுகு வலிக்கிறது என்று லண்டன் மருத்துவர் எரிக்சன் 1866இல் எழுதியதும் 'ரயில் முதுகு' என்றே ஒரு நோய் வழக்குமன்றம் ஏறிற்று. ரயில் கம்பெனி ஒன்றின் மருத்துவர் ஹெர்பர்ட் பேஜ் 1883இல் பதில் புத்தகம் போட்டார்: முதுகில் ஒன்றுமில்லை, பயம்தான். கூலி கொடுக்கிறவரின் மருத்துவருக்கு முதுகு தெரியாது, மனசுதான் தெரியும்! ஜெர்மனியில் 1884, பிரிட்டனில் 1897, நம் நாட்டில் 1923 என்று தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டங்கள் வந்த பிறகு, வலியைச் சட்டத்தின் முன் நிறுத்தக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருள் தேவைப்பட்டது. டிஸ்க் அந்தப் பொருளாயிற்று. ஆலனும் வாடலும் 1989இல் எழுதிய நீண்ட வரலாற்றுக் கட்டுரை, முதுகுவலி 'காயம்' ஆனதில் ரயிலுக்கும் நஷ்டஈட்டுக்கும் உள்ள பங்கை விரிவாகவே காட்டுகிறது.

பிறகு நடந்ததை மருத்துவர்களே 'டிஸ்க்கின் வம்ச ஆட்சி' என்று கேலி செய்வார்கள். முதலில் எலும்பின் பின்தகட்டையே பெயர்த்துப்போட்ட பெரிய அறுவை. 1939இல் லவ் எலும்பை அதிகம் தொடாமல் இடுக்கு வழியே நுழைந்தார். 1977இல் யாசர்கிலும் காஸ்பரும் தனித்தனியே நுண்ணோக்கி வைத்துச் சின்னக் கீறலில் முடித்தார்கள். இதற்கு நடுவே பப்பாளிக் கதை ஒன்று உண்டு. லூயிஸ் தாமஸ் 1956இல் முயலுக்குப் பப்பாளிப்பாலின் என்ஸைமை ஊசி போட, விறைத்து நின்ற காதுகள் துவண்டு தொங்கிவிட்டன. குருத்தெலும்பைக் கரைக்கிறதே, வட்டையும் கரைக்கட்டும் என்று லைமன் ஸ்மித் 1963இல் மனித முதுகில் ஏற்றினார். கறி வேகப் பப்பாளிக்காய் போடும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1982இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. பலருக்குக் குணமானது, சிலருக்கு ஒவ்வாமை அதிர்ச்சி, அரிதாகச் சிலருக்குத் தண்டுவடமே பாதித்தது. 2003இல் அங்கே விற்பனை நின்றது.

அறுப்பதா, காத்திருப்பதா? இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டவர் ஆஸ்லோவின் ஹென்ரிக் வெபர். எந்தப் பக்கமும் உறுதியாகச் சொல்ல முடியாத 126 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார். 1983இல் வந்த முடிவு: ஒரு வருடத்தில் அறுவை செய்தவர்கள் தெளிவாக நல்ல நிலையில் இருந்தார்கள், நான்கு வருடத்தில் வித்தியாசம் நம்பும்படி இல்லை, பத்து வருடத்தில் ரெண்டு பேரும் ஒன்று. 2007இல் நெதர்லாந்தில் கடும் கால்வலியுள்ள 283 பேரை வைத்து பெல் குழுவினர் செய்த ஆய்விலும் இதே தொனி. சீக்கிரம் அறுத்தவர்களுக்கு வலி சீக்கிரம் போனது. காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் கடைசியில் அறுவைக்குப் போனார்கள். வருட முடிவில் இரு தரப்பிலும் 95 சதவீதம் பேர் தேறிவிட்டதாகச் சொன்னார்கள். பிதுங்கிய ஜவ்வை உடம்பின் அணுக்களே தின்று கரைத்துவிடுகின்றன என்பதும், முழுசாகப் பிய்ந்து விழுந்த துண்டுகள்தான் லேசாகப் பிதுங்கியவற்றைவிட அதிகமாகக் கரைகின்றன என்பதும் ஸ்கேன் வந்த பிறகு தெரிந்தது. படத்தில் பார்க்கப் பயங்கரமாக இருப்பதே சீக்கிரம் மறையக்கூடியது! ஒரு விலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ, கால் வலுவிழந்துகொண்டே போனாலோ இந்த வரலாறு, தத்துவம் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காத்திருக்கும் பேச்சு அங்கே கிடையாது.

படம் என்றேன். வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்த ஜென்சன் குழுவினரின் 1994ஆம் வருடத்து ஆய்வில், எல்லா வட்டுகளும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். 52 சதவீதம் பேருக்கு வீக்கம், 27 சதவீதம் பேருக்குப் பிதுக்கம். யாருக்கும் வலியில்லை. எனக்கும் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் உண்டு; எல்5-எஸ்1 என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம். தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் உரையாசிரியர்களைப் போலப் பதம் பதமாகப் பிரித்து வாசித்தேன். குறிப்பான் இருக்கிறது, குறிப்பீடு எங்கே என்று தெரியவில்லை. ஒரு டாக்டர் உடனே அறுக்கணும் என்றார், இன்னொருவர் இது வயசுக்கு வருகிற நரை மாதிரி, போய் நடங்க என்றார். நடந்தேன். இது ஒரு உதாரணம்கூட இல்லை, ஒரு ஆளின் கதை.

இத்தகைய சான்றுகளைத் தொகுத்து 1994இல் அமெரிக்க அரசின் சுகாதாரக் கொள்கை ஆய்வு அமைப்பு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பெரும்பாலானோருக்கு ஆரம்பத்தில் ஸ்கேனும் வேண்டாம், அறுவையும் வேண்டாம் என்றது. முதுகெலும்பு அறுவைக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. முதுகில் திருகாணி போடும் சாதனம் தயாரிக்கும் கம்பெனி ஒன்று நீதிமன்றம் போனது. 1995இல் அந்த அமைப்புக்கு நிதியே ஒதுக்கக் கூடாது என்று பிரதிநிதிகள் சபையில் முயற்சி நடந்தது. அமைப்பு பிழைத்தது, பட்ஜெட் வெட்டுப்பட்டது, 1999இல் பெயரும் மாறியது. அறிவு/அதிகாரம் என்று சாய்கோடு போட்டு எழுதிப் பழகிய நமக்கு இதைவிட நேரடியான பாடம் கிடைக்காது.

சரி, டிஸ்க் ஒரு கட்டமைப்பு, ஒரு கதையாடல் என்று கட்டுடைத்துவிட்டுக் கையைத் தட்டிவிட்டுப் போய்விடலாமா? சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் சாதாரணமாக அங்கேதான் நிறுத்துவோம். எனக்கு உறுத்துவது அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏனென்றால் இதே கட்டுடைப்பை நமக்கு முன்னாலேயே இன்சூரன்ஸ் தரப்பு செய்து முடித்திருக்கிறது. நியூகாசில் நரம்பியலாளர் ஹென்றி மில்லர் 1961இல், விபத்துக்குப் பின் வரும் தொந்தரவுகள் வழக்கு முடிந்து பணம் வந்ததும் மறைகின்றன என்று அடித்துப் பேசினார். அவர் பேசியது முக்கியமாகத் தலைக்காயத்தை வைத்து. விடிந்ததென்னவோ முதுகுக்காரர்கள் தலையில். தீர்ப்புக்குப் பிறகும் வலியோடு திண்டாடியவர்களைக் காட்டிப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் மறுத்தும் அந்தக் கதை சாகவில்லை. அப்புறம் 1995இல் பின்லாந்தின் இரட்டையர் ஆய்வு வந்தது. ஒரே கருவில் உதித்த 115 ஜோடி ஆண்களை ஒப்பிட்ட பாட்டியே குழுவினர், வட்டுத் தேய்வில் உடலுழைப்பின் பங்கு சில சதவீதம்தான், பரம்பரையும் குடும்பமும்தான் பெரும்பங்கு என்றார்கள். ஆய்வில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அது அளந்தது வட்டின் தேய்வை. வலியை அல்ல, வலியோடு மறுநாள் வேலைக்குப் போக முடிகிறதா என்பதை அல்ல.

ஆக தொழிலாளிக்கு இரண்டு முறை அடி. படம் இல்லாத காலத்தில், படத்தில் ஒன்றுமில்லையே, நடிக்கிறான் என்றார்கள். படம் வந்த பிறகு, இது எல்லோருக்கும் இருப்பதுதானே என்கிறார்கள்.

படுக்கை ஓய்வின் வரலாற்றையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் பலகையில் படு என்று பல தலைமுறைகளுக்குச் சொன்னார்கள். 1986இல் டேயோ குழுவினர் 203 பேரை வைத்து, ஏழு நாள் படுப்பதைவிட இரண்டு நாள் போதும் என்று நிரூபித்தார்கள். சையாட்டிகாவுக்கும் அப்படியே: 1999இல் ஃப்ரூமென் குழுவினரின் ஆய்வில் இரண்டு வாரம் படுத்தவர்கள், படுக்காதவர்கள் இரு தரப்பிலும் 12 வாரத்தில் 87 சதவீதம் பேர் தேறினார்கள். 1995இல் ஹெல்சின்கி ஆய்வு ஒரு படி மேலே போய், படுக்கையும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம், முடிந்த அளவு வழக்கமான வேலைகளைப் பார் என்றது. உண்மைதான். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஹெல்சின்கி நகராட்சியின் ஊழியர்கள். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவரிடம் 'வழக்கமான வேலையைப் பாருங்க' என்று ஒரு டாக்டர் சொன்னால் அதற்கு என்ன பொருள்? அவருடைய வழக்கமே அந்த மூட்டைதானே. நம்மூரில் குறுக்குப் பிடித்தால், காலால் பிறந்தவரை விட்டு மிதிக்கச் சொல்வார்கள். அதில் மருத்துவம் இருக்கிறதோ இல்லையோ, வலிக்கிறது என்று சொன்னவரை ஊர் நம்பியது. டாக்டரின் மேஜையில் இன்று நம்பப்படுவது ரிப்போர்ட்.

சிகிச்சைப் பட்டியல்களில் வராத சிகிச்சை ஒன்று இருக்கிறது: சுமையைக் குறைப்பது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் ஓர் ஆணுக்கு 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரைத்தது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வுக்கழகம் 1991இல் திருத்திய தன் சமன்பாட்டில் 23 கிலோவை உச்சமாக வைத்தது. அதுவும் சுமை இடுப்புயரத்தில், உடம்போடு ஒட்டி, முறுக்காமல், எப்போதாவது தூக்கும்போதுதான். தரையிலிருந்து எடுத்தால் குறையும், நிமிஷத்துக்கு ஒரு முறை எடுத்தால் இன்னும் குறையும். பிரிட்டனில் ஒரு காலத்தில் 50 கிலோவாக இருந்த சிமெண்ட் மூட்டை இப்போது 25. நம்மிடம் 100 கிலோ சாக்கு பல இடங்களில் 50 ஆகியிருக்கிறது. சிமெண்ட் மூட்டை அதே 50. கூலி மூட்டைக்கு இவ்வளவு என்றுதான். ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை வரை என்ற கணக்கு கூலிக்கணக்கில் இல்லை.