பர்மா தேக்குக்கு எண்ணெயா, வார்னிஷா?

1852ல் கீழ்ப் பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போனது. பின்னாலேயே நம்ம நகரத்தார் லேவாதேவித் தொழிலுக்குப் போனார்கள். அங்கிருந்து கப்பலேறி வந்த தேக்குதான் செட்டிநாட்டு வீடுகளில் தூணாகவும் நிலையாகவும் நிற்கிறது. 1942ல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் அந்தக் காலம் முடிந்தது. 2014 ஏப்ரலில் மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியையே தடை செய்தது. ஆக, இந்த மரத்தில் தேய்ந்து போவது போனதுதான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய கதவு வாங்கி, சமையலறை மேடையாக்கி வார்னிஷ் அடிப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். வார்னிஷ் மரத்தின் மேல் ஒரு தோல். கத்தி கீறின இடத்தில் தண்ணீர் இறங்கும், தோல் உரியும். மறுபடி பூச உப்புத்தாள் போடணும். தோலோடு மரமும் போகும்.

ஆளிவிதை எண்ணெய் மரத்துக்குள் இறங்கி, காற்றுபட்டுக் கெட்டியாகும். தேங்காயெண்ணெயும் விளக்கெண்ணெயும் இப்படிக் காயாது. பழைய வார்னிஷை ஒரே ஒரு தடவை எடுத்தாகணும். அப்புறம் மங்கும்போதெல்லாம் மேலேயே பூசிக்கலாம். தண்ணீரை வார்னிஷ் அளவுக்குத் தடுக்காது. சிந்தினால் உடனே துடைக்கணும். பூசின துணியைச் சுருட்டிப் போடாதீங்க, தானே தீப்பிடிக்கும், விரித்துக் காயவையுங்க.