திருக்கோவிலூருக்கு வந்த எஃப்.ஏ. ஃபெயில்

1910ஆம் வருஷக் கடைசியில் 22 வயது இளைஞர் ஒருவர் வேலை கேட்டுத் திருக்கோவிலூருக்கு வந்தார். படிப்பு எஃப்.ஏ. ஃபெயில், அதுவும் ஒரு தடவை இல்லை. கையில் இருந்தது கணக்கு எழுதிய நோட்டு மட்டும்தான். பெயர் சீனிவாச ராமானுஜன்.

ராமானுஜன் என்றால் நமக்குக் கும்பகோணமும் கேம்பிரிட்ஜும்தான் நினைவுக்கு வரும். நடுவில் வரும் திருக்கோவிலூரை அதிகம் பேசுவதில்லை. அன்றைக்கு அது தென்னார்க்காடு ஜில்லா, இன்றைக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டம். பரீட்சை பயத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு இந்த ஊர்தான் ஞாபகம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

எஃப்.ஏ. என்பது ஏறக்குறைய இன்றைய பிளஸ் டூ மாதிரி. 1904ல் ஸ்காலர்ஷிப்போடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர் ராமானுஜன். கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காததால் அந்த ஸ்காலர்ஷிப் போய்விட்டது. 1905ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் 1906, 1907 இரண்டு வருஷமும் எஃப்.ஏ. கிடைக்கவில்லை. எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும் என்பது விதி. ஒன்றில் தவறினாலும் மொத்தமும் போச்சு.

அவருக்குப் பரீட்சை பயம் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பயம் எப்படிப்பட்ட அமைப்பில் விளையும் என்பதற்கு இது நல்ல உதாரணம். மென்பொருள் வேலையில் இதை 'சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்' என்போம். ஒரு இடம் பழுதானால் மொத்த சிஸ்டமும் படுத்துவிடும். அப்படி வடிவமைத்துவிட்டு அந்த ஒரு இடத்தைப் பார்த்து "பதறாதே" என்று அறிவுரை சொல்லிப் பிரயோஜனமில்லை.

திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசுவாமி ஐயர். 1907ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், இந்தத் திறமையை ரெவின்யூ ஆபீஸின் கடைசிப் படியில் உட்காரவைத்து வீணாக்கக் கூடாது என்று நினைத்தார். சென்னையில் இருந்த கணக்குப் பேராசிரியர்களிடம் கடிதம் கொடுத்து அனுப்பினார். 1911ல் ராமானுஜனின் முதல் கட்டுரை கழகத்தின் இதழில் வந்தது. மதிப்பெண்ணை விட்டுவிட்டு நோட்டைப் பார்க்க ஒரு ஆள் இருந்தார், அவ்வளவுதான். ஆனால் எல்லாருக்கும் ஒரு ராமசுவாமி ஐயர் கிடைக்கமாட்டார். அதனால் அமைப்பே கொஞ்சம் மாற வேண்டியிருக்கிறது.

அந்த மாற்றம் நம் ஊரில் மெதுவாக நடந்திருக்கிறது. அதே 1911ல் சென்னை மாகாணத்தில் மெட்ரிகுலேஷனுக்குப் பதிலாக எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு வந்தது. பொதுத்தேர்வு மதிப்பெண்ணோடு பள்ளியில் வாங்கிய மதிப்பெண்ணும் அந்தச் சான்றிதழ் புத்தகத்தில் பதிவானது. ஒரே நாள் தேர்வை மட்டும் வைத்து ஒருவரை எடைபோடக் கூடாது என்ற யோசனை நூறு வருஷத்துக்கும் பழையது. 2017ல் தமிழக அரசு பொதுத்தேர்வில் முதல் மூன்று ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. இன்றைக்கு மே மாசம் ரிசல்ட்டில் தவறினால் அடுத்த ஒன்றிரண்டு மாதத்திலேயே துணைத்தேர்வு உண்டு. வருஷம் வீணாகாது.

இப்போது திருக்கோவிலூரை விட்டு மேற்குப் பக்கம் வாங்க. கள்ளக்குறிச்சியைத் தாண்டினால் கல்வராயன் மலை. இந்த மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. ஜனங்கள் கூலியில்லாத வேலை செய்த காலம் அது. தமிழகத்தில் முதல் பிளஸ் டூ தேர்வு நடந்தது 1980ல். இரண்டுக்கும் நடுவே நாலு வருஷம்தான். தாத்தா ஜாகீருக்கு உழைத்தவர், பேத்தி வெள்ளிமலையிலோ இன்னாட்டிலோ உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கிறாள். பல வீடுகளில் ஹால் டிக்கெட்டை முதல்முதலாகக் கையில் வாங்குவதே அவள்தான். "நானும் இப்படித்தான் பயந்தேன், ஒண்ணும் ஆகலை" என்று சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. டவுன் பிள்ளைக்குச் சும்மா கிடைக்கும் தைரியம் இது.

அப்போ அந்த வேலையைப் பள்ளிக்கூடம்தான் செய்யணும். என்ன செய்யலாம்? பரீட்சை பயத்தைத் தனியாக அளந்து பார்க்கும் ஆய்வை 1952ல் மாண்ட்லர், சாராசன் என்ற இருவர் அமெரிக்காவில் செய்தார்கள். 1967ல் லீபெர்ட்டும் மோரிஸும் அதை இரண்டாகப் பிரித்தார்கள்: கை நடுங்குவது, வியர்ப்பது ஒன்று, "ஃபெயில் ஆனா என்ன ஆகும்" என்று மனசு ஓடிக்கொண்டே இருப்பது இன்னொன்று. மதிப்பெண்ணை அதிகம் பாதிப்பது இரண்டாவதுதான். அதனால் மூச்சுப்பயிற்சி மட்டும் போதாது, அந்தக் கேள்விக்குப் பதிலும் வேண்டும்.

பதில் எளிமையானதுதான். துணைத்தேர்வு இருக்கிறது, ஐடிஐ இருக்கிறது, பாலிடெக்னிக் இருக்கிறது என்பதை ரிசல்ட் வந்த பிறகு சொல்லாமல் ஜனவரியிலேயே சொல்லலாம். மாதிரித் தேர்வை அதே நேரத்தில், அதே மாதிரி பெஞ்சில், கேள்வித்தாள் படிக்கக் கொடுக்கும் முதல் 10 நிமிஷம் உட்பட நடத்திப் பழக்கலாம். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்ப்பது ஒரு வாரம் கழித்தும் அதிகமாக நினைவில் நிற்கிறது என்று 2006ல் ரோடிகரும் கார்பிக்கியும் காட்டினார்கள். பரீட்சைக்கு முன் 10 நிமிஷம் பயத்தைக் காகிதத்தில் எழுதினால் மதிப்பெண் கூடும் என்று 2011ல் ஒரு ஆய்வு பிரபலமானது. 2018ல் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. செலவில்லாத விஷயம், பிடித்தவர்கள் செய்யலாம். அதையே நம்பியிருக்க வேண்டாம்.

தூக்கமே போய், சாப்பாடு இறங்காமல் இருக்கும் பிள்ளைக்கு 104, 14416 இரண்டு எண்களும் இருக்கின்றன. தமிழிலேயே பேசலாம். மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. அங்கே விடுதிக் காப்பாளரோ வகுப்பாசிரியரோதான் முதல் ஆள். அவர் அந்தப் பிள்ளையின் நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்து, "இது உனக்கு நல்லா வருது" என்று குறிப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டு ஹாலுக்கு அனுப்பினால் நல்லது.