கசாப் கேட்காத பிரியாணி

2009-ல் நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸில் பெரிய விவாதம். "நமக்குத் தயிர்சாதம், கசாப்புக்கு ஜெயில்ல மட்டன் பிரியாணியா?" என்று கொதித்தவர்களில் அடியேனும் ஒருவன்.

2008 மும்பைத் தாக்குதலில் உயிரோடு பிடிபட்ட ஒரே ஆள் அஜ்மல் கசாப். ஆர்தர் ரோடு சிறை வளாகத்திலேயே தனி நீதிமன்றம். அரசு வழக்கறிஞர் உஜ்வல் நிகம். நிருபர்களிடம் பேசியவரும் அவரே. ராக்கி தினத்தில் கசாப் கண்ணைத் துடைக்க, தங்கை நினைவோ என்று டிவிக்காரர்கள் அலசத் தொடங்கினார்கள். நிகம் வெளியே வந்து, அவன் மட்டன் பிரியாணி கேட்டதாகச் சொன்னார். பேச்சு திசை மாறிவிட்டது.

2010-ல் மரண தண்டனை. 2012 நவம்பர் 21-ல் தூக்கு. 2015-ல் ஜெய்ப்பூரில் நிகமே ஒப்புக்கொண்டார்: கசாப் பிரியாணி கேட்கவுமில்லை, அரசு கொடுக்கவுமில்லை, அனுதாபத்தை உடைக்கத் தான் கட்டிய கதை அது.

தம்பி தங்கைகளே, வழக்குக்குப் புகைப்படமும் சாட்சிகளும் இருந்தன. பிரியாணி தேவையே இல்லை. கோர்ட்டுக்குள் அரசு வழக்கறிஞர் சொல்வதை எதிர்த்தரப்பு மறுத்துப் பேசலாம். வாசலில் மைக் முன்னால் சொல்வதை யார் மறுப்பது? அதனால்தான் அங்கே அவருக்குக் கூடுதல் நிதானம் வேண்டும்.

அன்று மெஸ்ஸில் "ஆதாரம் காட்டுடா" என்று கேட்ட ஒரே நண்பனுக்கு, இந்தச் சந்திப்பில் பிரியாணி என் செலவு.