காயத்தைக் கற்ற கதை

மழை இரவொன்றில் பள்ளத்தில் புரண்ட முச்சக்கரவண்டியிலிருந்து ஒருவரைத் தூக்கி, நுவரெலியா ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வைத்தியர் குனிந்து கேட்கும் முதல் கேள்வி, "ஐயா, ஒங்க பேரென்ன?" பதிவேட்டில் எழுதுவதற்காக அவர் அதைக் கேட்பதில்லை. பேரைத் தெளிவாகச் சொன்னால் மூச்சுவழி அடைபடவில்லை, நெஞ்சுக்குள் காற்று போய்வருகிறது, மூளைக்கு இரத்தம் எட்டுகிறது என்று மூன்று செய்திகள் ஒரே நொடியில் கிடைத்துவிடும். அடுத்து மூச்சுவழி, சுவாசம், இரத்தோட்டம், நரம்புநிலை என்று வரிசை மாறாமல் பார்ப்பார். கடைசியாக உடுப்பை நீக்கி உடல் முழுவதையும் பார்த்துவிட்டு, குளிர் ஏறாமல் உடனே கம்பளியால் மூடுவார். இந்த வரிசை மலைநாட்டுக்கு வந்து சேர்ந்த வழி மிக நீண்டது. அந்த வழியில் பீரங்கி வண்டியும் சோள வயலில் விழுந்த விமானமும் மூழ்கவிருந்த போர்க்கப்பலும் இருக்கின்றன.

1792இல் பிரெஞ்சுப் படையில் டொமினிக் ஜான் லாரே என்ற இளம் சத்திரசிகிச்சையாளர் இருந்தார். குதிரைகள் பீரங்கிகளைக் களத்தில் பறக்கப் பறக்க இழுத்துப் போவதையும், காயப்பட்ட சிப்பாய்கள் சண்டை ஓயும்வரை கிடந்த இடத்திலேயே கிடப்பதையும் அவர் பார்த்தார். பீரங்கிக்குக் கிடைக்கும் வேகம் மனிதனுக்கும் கிடைக்கட்டும் என்று அதே பாணியில் இலேசான குதிரை வண்டிகளை அமைத்து, சண்டை நடக்கும்போதே காயப்பட்டவர்களைத் தூக்கிவர வைத்தார். தளபதியா சிப்பாயா என்று பாராமல், காயத்தின் கடுமையைப் பார்த்தே முன்னுரிமை தந்தார். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படியொரு நாளில், யாரை முதலில் உள்ளே எடுப்பது என்று ஆஸ்பத்திரி வாசலில் தீர்மானிக்கிற வைத்தியர் இன்றும் லாரேயின் வழியில்தான் நிற்கிறார்.

அடுத்த தாவல் நம் தீவுக்கு. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதே 1867இல் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 'இரண வைத்தியம்' என்ற சத்திரசிகிச்சைப் பாடநூலைத் தமிழில் வெளியிட்டார். வெட்டுக்காயத்தையும் எலும்பு முறிவையும் தமிழிலேயே கற்று வைத்தியரானவர்கள் அவரிடம் உருவானார்கள். மலையில் தமிழ் பேசும் தொழிலாளரின் உடல் உழைப்பில் ஒரு தொழில் வேரூன்றிய அதே வருடத்தில், அந்த உடல் காயப்பட்டால் என்ன செய்வது என்று சொல்லும் தமிழ் நூலும் அச்சேறியது.

மலைக்கு வந்தது வேறொன்று. 1872இல் தோட்டப் பகுதிகளுக்கான வைத்தியத் தேவைகள் சட்டம் பிறந்தது. அப்போது கோப்பிக் காலம் இன்னும் முடியவில்லை. நாளடைவில் தோட்டத்துக்குத் தோட்டம் டிஸ்பென்சரி வந்தது. அங்கிருந்தவர் புண்ணைக் கழுவிக் கட்டுவார், மட்டை வைத்து முறிவை அசையாமல் நிறுத்துவார். அதற்கு மேல் என்றால் கம்பளியைத் தடியில் கட்டி, ஆளை அதில் கிடத்தி, நாலு பேர் தோள் மாற்றித் தூக்கிப்போக வேண்டும். 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ரயில் எட்டியது. தேயிலைப் பெட்டி கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கும் வழி திறந்த வேகத்தில், லயத்திலிருந்து சத்திரசிகிச்சை மேசைக்குப் போகும் வழி திறக்கவில்லை.

இதே காலத்தில் வைத்தியரை நிபுணராக வளர்க்கும் முறை அத்திலாந்திக் கடலைத் தாண்டியது. அமெரிக்கரான வில்லியம் ஹால்ஸ்டட் ஜெர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் சுற்றி, இளம் சத்திரசிகிச்சையாளர்கள் ஆஸ்பத்திரியிலேயே தங்கி, ஆசிரியரின் கண் பார்வையில் வருடக்கணக்கில் படிப்படியாகப் பொறுப்பேற்பதைக் கண்டார். 1889இல் பால்டிமோரில் திறந்த ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் அதையே நடைமுறையாக்கினார். அவரைப் பார்த்து மற்ற நகரங்கள் செய்தன. கொழும்பில் 1980இல் அமைந்த பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் வழியாக நிபுணராகிறவர்களும் பயிற்சியின் ஒரு பகுதியை வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் முடித்துத் திரும்புகிறார்கள். ஹால்ஸ்டட் போன கப்பற்பயணத்தை அவர்கள் விமானத்தில் போகிறார்கள்.

காயத்துக்கென்றே தனி ஆஸ்பத்திரி என்ற எண்ணத்தைப் போர் தந்தது. 1941இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் விபத்து ஆஸ்பத்திரி ஒன்று திறந்தது. யுத்தத் தளவாடம் செய்யும் தொழிற்சாலைகளில் கை நசுங்கியவர்களும் தீயில் வெந்தவர்களும் அங்கே வந்தார்கள். பிறகு பால்டிமோரில் ஆர். ஆடம்ஸ் கௌலி, அமெரிக்க இராணுவத்தின் பணத்தில் இரண்டே கட்டில்களோடு அதிர்ச்சி நிலை ஆய்வைத் தொடங்கினார். காயப்பட்ட முதல் மணித்தியாலமே உயிரைத் தீர்மானிக்கிறது என்று ஓயாமல் சொல்லி, கொரியாவிலும் வியட்நாமிலும் பறந்த ஹெலிகொப்டரை நகரத்து விபத்துகளுக்கும் வரவழைத்தார்.

பிறகு இரண்டு விமானங்கள் விழுந்தன. முதலாவது நம் மலையில். 1974 டிசம்பர் 4ஆம் திகதி, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களோடு வந்த மார்ட்டின்எயார் விமானம் நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அருகே சப்த கன்னியர் மலையில் மோதியது. இருந்த 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை; காயத்துக்குச் சிகிச்சை செய்ய இடமே இருக்கவில்லை. பதினான்கு மாதம் கழித்து, 1976 பெப்ரவரி 17ஆம் திகதி, அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு முறிவு நிபுணர் தானே ஓட்டிய சிறு விமானம் வயலில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார். நாலு பிள்ளைகளில் மூவருக்குக் கடும் காயம். போய்ச் சேர்ந்த கிராமத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர்களுக்கு எதை முதலில் செய்வதென்று தெரியவில்லை. வயலில் வெறுங்கையோடு தான் செய்த அளவுகூட அங்கே நடக்கவில்லை என்று ஸ்டைனர் கண்டார்.

அந்தத் துயரத்திலிருந்துதான் ஏ.ரி.எல்.எஸ். என்ற காயச் சிகிச்சைப் பயிற்சி பிறந்தது. இதய நிறுத்தத்துக்கு ஏற்கெனவே இருந்த குறும்பயிற்சியின் அச்சை எடுத்து, ஸ்டைனரும் தோழர்களும் அதில் காயத்தை வார்த்தார்கள். 1978இல் முதற் பயிற்சி நடந்தது. 1980இல் அமெரிக்க சத்திரசிகிச்சையாளர் கல்லூரி அதை நாடெங்கும் கொண்டுபோனது. இன்று எண்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வைத்தியர்கள் அதைக் கற்றிருக்கிறார்கள். பேரைக் கேட்டுத் தொடங்கும் அந்த வரிசை இதன் முதுகெலும்பு. நிபுணர் இல்லாத, ஸ்கான் இல்லாத, ஊருக்கு ஒதுங்கிய சிறு ஆஸ்பத்திரிக்காகவே இது உருவாக்கப்பட்டது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

சத்திரசிகிச்சை மேசைக்குக் கடற்படையும் ஒரு பாடம் தந்தது. ஓட்டை விழுந்த போர்க்கப்பலை நடுக்கடலில் யாரும் முழுதாகத் திருத்துவதில்லை. கையில் கிடைத்ததை வைத்து அடைத்து, மிதக்கவைத்து, துறைமுகம் சேர்ப்பார்கள். 1993இல் பிலடெல்பியாவில் ரொட்டொண்டோ, ஷ்வாப் ஆகியோரின் குழு, துப்பாக்கிச் சூடு பட்ட வயிறுகளுக்கு இதே முறையைச் சொன்னது. முதலில் இரத்தப்பெருக்கை நிறுத்து, துணியால் அடை, வயிற்றைத் தற்காலிகமாக மூடு. நோயாளியைச் சூடாக்கி, இரத்தம் ஏற்றி, ஓரிரு நாள் கழித்து மிச்சத்தை முடி. உடல் குளிர்ந்தால் இரத்தம் சரியாக உறையாது, உறையாவிட்டால் மேலும் ஒழுகும். நுவரெலியாவில், கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் நனைந்து கிடந்து வருகிறவருக்கு இது எவ்வளவு பொருந்துகிறது! கண்டிக்கு நெடுந்தூரம் வளைந்து இறங்கும் பாதையில் ஏற்றுவதற்கு முன், அவரைத் தாக்குப்பிடிக்க வைக்கும் வித்தை இதுதான்.

காயச் சிகிச்சையில் பெலோஷிப் என்ற மேற்பயிற்சி தனி வடிவம் எடுத்ததற்கு ஸ்கான் இயந்திரமும் ஒரு காரணம். மண்ணீரல் கிழிந்தாலும் சில வேளைகளில் வெட்டாமலே ஆற்றலாம் என்று ஸ்கான் காட்டிக்கொடுத்தது. காயச் சிகிச்சை நிபுணர்களுக்குக் கத்தி பிடிக்கும் வாய்ப்புக் குறைந்தது. மறுபக்கம், நடுச்சாமத்தில் குடல் ஓட்டையோடு வருகிறவருக்கு நிபுணர் கிடைப்பது கடினமானது. 2000களில் அமெரிக்கர்கள் இரண்டையும் இணைத்து, விபத்துக் காயம், அவசர வயிற்றுச் சத்திரசிகிச்சை, தீவிர சிகிச்சை மூன்றுக்கும் சேர்த்து இரண்டு வருடப் பயிற்சி வகுத்தார்கள். டெல்லி எய்ம்ஸிலும் காயச் சிகிச்சைக்குத் தனி மேற்பட்டம் வந்தது. புதிதாக வகுத்த அந்த மூன்று வேலையையும் மலைநாட்டு ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சை நிபுணர் ஒரே இரவுக் கடமையில் செய்துவருகிறவர்.

நோயாளியைக் கொண்டுவரும் வழியும் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததுதான். 1968இல் அலபாமாவில் 911 என்ற அவசர இலக்கத்துக்கு முதல் அழைப்பு. 2005இல் ஹைதராபாத்தில் 108 அம்புலன்ஸ் சேவை. 2008இல் அது தமிழ்நாட்டுக்கு வந்தது. 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. 2017 மே 12ஆம் திகதி டிக்கோயாவில் 150 கட்டில் ஆஸ்பத்திரியை இந்தியப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். பின்னர் 1990 அம்புலன்ஸ் மலைக்கும் ஏறியது.

வண்டியும் கட்டடமும் வந்துவிட்டன. இனி வரவேண்டியது பயிற்சி. கொழும்பிலும் கண்டியிலும் மேற்பயிற்சி பெறும் சத்திரசிகிச்சையாளர்கள் சில மாதங்களை டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ கழிக்க வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியில் இருப்பவருக்கும் 1990 ஊழியருக்கும் அவர்களே கற்றுத்தர வேண்டும். ஓர் உதாரணம்: சரிவில் விழுந்த ஒரு கொழுந்து பறிக்கும் அம்மாவின் இடுப்பெலும்பு முறிந்திருந்தால் உள்ளே இரத்தம் பெருகும். ஒரு படுக்கைத் துணியை அகலமாக மடித்து இறுகக் கட்டினால் பெருக்கு குறையும். வயிற்றருகே கட்டினால் பயனில்லை. தொடையெலும்பு இடுப்போடு சேரும் புடைப்பின் மேல் கட்ட வேண்டும். இதைக் கற்க அரைமணி போதும், கருவியும் வேண்டாம். பாடம் தமிழிலும் சிங்களத்திலும் நடக்கட்டும். தமிழில் முடியுமா என்று யாராவது தயங்கினால், மானிப்பாயில் அது நடந்து ஒன்றரை நூற்றாண்டு தாண்டிவிட்டது என்று சொல்லலாம்.