குக்கீக்கும் கோர்ட்டுக்கும் ஒரே மாதம்!

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் ரூம் தேடினீர்கள். அப்புறம் எந்தப் பக்கம் திறந்தாலும் திருச்சி லாட்ஜ் விளம்பரம்! உபயம், 'குக்கீ'. கோயில் வாசலில் செருப்புக்குத் தரும் டோக்கன் மாதிரி, இணையதளம் உங்கள் பிரவுசரில் போட்டு வைக்கும் அடையாளம்.

இது நெட்ஸ்கேப்போடு வந்தது 1994 அக்டோபரில். அதே மாதம்தான், ஆட்டோ சங்கர் சுயசரிதை தொடர்பான நக்கீரன் வழக்கில், தன்னைத் தனியே விடச் சொல்வது குடிமகன் உரிமை என்றது சுப்ரீம் கோர்ட்.

2017-ல் புட்டசாமி வழக்கு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக உறுதி செய்தது. 2023-ல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் 'குக்கீ' என்ற சொல்லே கிடையாது! ஆனால், உங்களை அடையாளம் காட்டும் தகவலைச் சம்மதத்தின் பேரில் எடுத்தால், எதற்கென்று சொல்லியாக வேண்டும். கொடுத்த சம்மதத்தை வாபஸ் வாங்குவதும் அதே அளவு சுலபமாக இருக்க வேண்டும். 2025 நவம்பர் விதிகள் இதற்கு 18 மாத அவகாசம் தந்தன.

டோக்கன் யார் கொடுத்தது என்று பார்த்துவிட்டு 'ஓகே'யை அழுத்துங்கள்!