கல் சுமந்த ரயில்

ஆர்.கே.பேட்டைக்கு ரயில் கிடையாது. ராமகிருஷ்ணராஜுப் பேட்டை என்ற நீண்ட பெயரைச் சுருக்கி வைத்துக்கொண்ட அந்த நெசவாளர் ஊரிலிருந்து புறப்படும் துணி மூட்டை ரயிலைப் பார்க்க வேண்டுமானால், முதலில் சாலை வழியே திருத்தணிக்குப் போயாக வேண்டும். ஆனால் ரயில் என்றதும் நமக்கு மூட்டையா நினைவுக்கு வருகிறது? ஜன்னலோரத்து இடமும் வழியனுப்ப வந்தவர்களின் முகமும்தான் வருகின்றன. சரித்திரமும் இந்த விஷயத்தில் நம்மைப் போலத்தான்.

இந்தியாவின் முதல் ரயில் எது என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை கூடச் சொல்லிவிடும்: 1853 ஏப்ரல் 16, பம்பாயிலிருந்து தாணாவுக்கு. பதினான்கு வண்டிகள், நானூறு விருந்தினர், 21 பீரங்கி வேட்டு. மறக்க முடியாதபடிதான் செய்திருக்கிறார்கள்.

அதற்குப் பதினாறு வருஷங்களுக்கு முன்பே, 1837-இல், நம் சென்னையில் ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை. அதில் ஏறி வந்தது செம்புராங்கல். பாவம், கல்லுக்கு யார் வேட்டுப் போடுவார்கள்?

சென்னை மணற்பாங்கான பட்டினம். மழை பெய்தால் சாலை சேறு. வெயில் அடித்தால் புழுதி. சாலை போடக் கல் வேண்டும். கல்லோ செங்குன்றத்துப் பக்கம் இருந்தது. அதைக் கொண்டுவரக் காப்டன் ஆர்தர் காட்டன் இரும்புப் பாதை போட்டார். ஆக, நம் நாட்டின் முதல் ரயில் பிறந்தது மாட்டு வண்டிக்குச் சாலை போட! அந்த ரயிலைப் பெரும்பாலும் இழுத்ததும் விலங்குகள்தாம். ஏவரி முறைச் சுழல் நீராவி எஞ்சினும் உபயோகத்துக்கு வந்தது. நிரந்தரமாக ஓடும் எண்ணத்தில் பிறந்த பாதை அல்ல அது. சில வருஷங்களில் மறைந்து போயிற்று.

பாதை முடிந்த இடமும் ஒரு பேட்டைதான், கவனித்தீர்களா? 1734-இல் கும்பெனியார் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் அது. சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். தறிக்காரர் ஊருக்குத் தேடிக்கொண்டு வந்த ரயில், துணியைத் தொடவே இல்லை.

காட்டன் துரையை நமக்கு வேறு காரணத்தால் தெரியும். கொள்ளிடத்தில் அணை கட்டிய அதே மனிதர். கோதாவரி அணைக்காகத் தவளேசுவரத்திலும் 1845-இல் கல் ஏற்றத் தண்டவாளம் போட்டார். இவ்வளவும் செய்தவர், பிற்காலத்தில் ரயிலுக்கே பரம விரோதியாக மாறினார் என்றால் வேடிக்கையாக இல்லை?

1856 ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு வண்டி ஓடத் தொடங்கியது. அடுத்த இருபது வருஷத்தில் தண்டவாளம் எங்கும் நீண்டது. 1876-இல் தாது வருஷத்துப் பஞ்சம் வந்தது. 1878-இல் பார்லிமெண்டுக் கமிட்டி முன்பு கிழவர் காட்டன் வாதாடினார்: ரயில் தானியத்தைச் சுமக்கும், ஆனால் விளைவிக்காது; கால்வாய் வெட்டினால் வயலுக்கும் பாயும், படகும் போகும்.

அவர் கட்சி முழுவதும் எனக்கு ஒப்புதல் இல்லை. 1877-இல் சென்னைக் கடற்கரையில் மலை மலையாகக் குவிந்த தானிய மூட்டைகளை உள்நாட்டுக்குக் கொண்டுபோக ரயில்தானே இருந்தது? மாடுகள் செத்து விழுந்துகொண்டிருந்த காலத்தில் வண்டி கட்டிக் கொண்டுபோக முடியுமா? ஆனால் ஸ்டேஷனில் மூட்டை இறங்கிவிட்டால் போதாது. விலை கொடுக்கக் கையில் காசு வேண்டும். வயல் காய்ந்தவனிடமும், துணி விற்காமல் தறியை நிறுத்தியவனிடமும் காசு ஏது? கிழவர் அந்த இடத்தில்தான் கையை வைத்தார். கமிட்டியார் கேட்டுக்கொண்டார்கள்; தண்டவாளம் மேலும் நீண்டது.

சிந்தாதிரிப்பேட்டைக்கு மீண்டும் ஒரு ரயில் வந்தது, 1995-இல், கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை திறந்த பறக்கும் ரயிலாக. தூண்களின் மேல், கூவத்தை ஒட்டியே போகிறது. இந்த முறை மனிதர்களை ஏற்றிக்கொண்டு.