தோம்பில் எழுதிய விசுவாசம்

சங்கானையில் கூரையில்லாத ஒரு பழைய தேவாலயம் நிற்கிறது. முருகைக்கல் சுவர், வளைவான வாசல், உள்ளே புல். போர்த்துக்கேயர் கட்டினது, ஒல்லாந்தர் எடுத்துப் பாவித்தது, பிறகு ஒருவரும் வராமல் விட்டது. போன விடுமுறையில் நாங்கள் நாலைந்து பேர் அங்கே போய் நின்றபோது எங்களில் ஒருத்தி கேட்டாள்: "இவ்வளவு சனம் கிறிஸ்தவராய் இருந்தது எண்டால், கூரை விழேக்க பார்க்க ஒருத்தரும் இல்லையா?"

அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடித்தான் இந்தக் கட்டுரை.

1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். அதே வருடம் இன்னொரு கட்டளையும் வந்தது. கத்தோலிக்கக் குருவானவருக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை. போர்த்துக்கேயர் கட்டிய கோயில்கள் சீர்திருத்தத் திருச்சபையின் கைக்கு மாறின. கோயிலோடு ஒரு பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு சட்டம்பியார், சட்டம்பியாரின் கையில் ஒரு தோம்பு. பிறப்பு, ஞானஸ்நானம், கலியாணம் எல்லாம் அதில்தான் பதிவாகும். பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வராவிட்டால் தண்டப்பணம்.

இந்தத் தோம்பை வெறும் கோயில் புத்தகம் என்று நினைக்கக்கூடாது. கலியாணம் செல்லுபடியாக அது வேண்டும். தகப்பனின் காணி பிள்ளைக்கு வருவதற்கு, பிள்ளை முறையாகப் பிறந்தது என்று காட்டவும் அதுதான் சாட்சி. 1850 இல் இலங்கைக் கிறிஸ்தவத்தைப் பற்றிப் புத்தகம் எழுதிய எமர்சன் டெனன்ட், ஞானஸ்நானம் பெறாதவருக்கு முதலியார் பதவி மட்டுமல்ல, காணி குத்தகைக்கு எடுக்கும் உரிமைகூட இருக்கவில்லை என்கிறார். இப்ப யோசித்துப் பாருங்கள். காணியும் கலியாணமும் உத்தியோகமும் ஒரே புத்தகத்துக்குள் கிடந்தால் யார்தான் பெயர் பதியாமல் விடுவார்கள்?

பதிந்தார்கள். 1660களின் தொடக்கத்திலேயே யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவர்கள் அறுபதினாயிரத்துக்கு மேல் என்று கணக்குக் காட்டப்பட்டது. அப்போது இங்கே போதகராக இருந்தவர் பிலிப்பஸ் பால்டேயஸ். தமிழ் படித்தவர், கிராமம் கிராமமாகப் போனவர், 1672 இல் ஆம்ஸ்டர்டாமில் இந்த ஊரைப் பற்றிப் பெரிய புத்தகம் வெளியிட்டவர். அவரை நாங்கள் கேலி செய்ய மாட்டோம். பெயருக்குக் கிறிஸ்தவர், நடப்பில் பழையபடிதான் என்ற கவலை ஒல்லாந்தப் போதகர்களுக்கே இருந்தது. ஆனால் மேலே போகும் அறிக்கையில் கவலைக்கு நிரல் இல்லை, எண்ணிக்கைக்குத்தான் நிரல் இருந்தது.

வீட்டுக்குள் என்ன நடந்தது? யாழ்ப்பாணத்தில் பலரும் கேட்ட செவிவழிக் கதை ஒன்று உண்டு. விரத நாளில் சாப்பிட்ட வாழையிலையை வெளியில் எறிந்தால் பிடிபடுவோம் என்று, அதைச் சுருட்டிக் கூரை இறப்பில் செருகி வைப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை கோயில், மற்ற நாளில் இறப்புக்குள் இலை. இதற்குக் கதை மட்டும் சாட்சியல்ல. இன்றைக்கு நாங்கள் கும்பிடும் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை 1734 இல் திரும்ப அமைத்தவர் இரகுநாத மாப்பாண முதலியார். அவருடைய பெயருக்கு முன்னால் என்ன இருந்தது தெரியுமா? 'தொன் யுவான்'. கச்சேரிக்கு ஒரு பெயர், கந்தனுக்கு ஒரு பெயர்.

இது சைவர்களின் கதை மட்டும் என்று நினைத்தால் பிழை. அதே தோம்பில் கத்தோலிக்கரும் இருந்தார்கள். அவர்களும் ஒல்லாந்தக் கோயிலில் போய் இருந்தார்கள், பெயர் கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்து இருட்டில் செபமாலை சொன்னார்கள். சிலர் அதற்கும் ஒத்துக்கொள்ளாமல் ஊரையே விட்டுப் போனார்கள். மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போன குடும்பங்களின் கதைதான் மருதமடுவின் தொடக்கம் என்று மரபு சொல்கிறது.

இந்த இடத்தில்தான் யோசே வாஸ் வருகிறார். கோவாவைச் சேர்ந்த குரு. 1687 இல் கூலியாளின் வேசத்தில் இலங்கைக்கு வந்தார். வந்த உடனே கடும் வயிற்றுளைவு. யாழ்ப்பாணத்தில் கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு பிச்சைக்காரனாக வீடு வீடாகப் போனார். பிச்சை போடுகிறவரின் கண் அந்த மாலையில் எப்படி நிற்கிறது என்று பார்த்துத்தான் யார் கத்தோலிக்கர் என்று அறிந்தாராம். ஒரு அரசாங்கத்தின் தோம்பால் கண்டுபிடிக்க முடியாததை ஒரு மனிசன் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். சில்லாலைச் சனம் அவரை மறைத்து வைத்தது. கண்டுபிடித்தால் உயிர் போகும் என்று தெரிந்துதான் மறைத்தது.

1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் இரகசியமாகக் கூடியிருந்த கத்தோலிக்கர்களை ஒல்லாந்தர் சுற்றிவளைத்தார்கள். ஆண்கள் சிலருக்குக் கசையடி, அந்த அடியில் ஒருவர் இறந்தும் போனார். வாஸ் அன்றைக்குத் தப்பினார். பிறகு கண்டிக்குப் போய், அங்கே ஒற்றர் என்று சிறை வைக்கப்பட்டு, 1697 இல் பெரியம்மை வந்து சனம் நோயாளிகளை விட்டு ஓடினபோது அவர்களைத் தூக்கிக் கழுவிப் பராமரித்தார். யார் எந்தச் சமயம் என்று கேட்கவில்லை. 1711 இல் கண்டியிலேயே இறந்தார். 2015 இல் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தபோது எங்களில் சிலர் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதில் எங்களுக்கு உறுத்துகிற விசயம் ஒன்று உண்டு. ஒல்லாந்தர் யார்? தங்கள் நாட்டில் ஸ்பானிய அரசனின் கீழ், தங்கள் விசுவாசத்துக்காகவே அடியும் நெருப்பும் கண்டவர்களின் பேரப்பிள்ளைகள். பாட்டன் களவாகச் செபித்தான், பேரன் களவாகச் செபித்தவனை அடித்தான். அதற்கு முன் போர்த்துக்கேயர் கோயில்களை இடித்தார்கள், அதற்கும் முன் 1544 இல் யாழ்ப்பாண அரசன் மன்னாரில் புதுக் கிறிஸ்தவர்களை வெட்டினான். ஆகவே எந்தச் சமயமும் 'நாங்கள் சுத்தம்' என்று சொல்லிக்கொண்டு இந்தக் கதையை வாசிக்க முடியாது.

1795 இல் பிரித்தானியர் வந்தார்கள். மெல்ல மெல்லக் கட்டாயம் போனது. 1806 இல் கத்தோலிக்கர் மேல் இருந்த தடைகளும் நீக்கப்பட்டன. அதோடு தோம்புக் கிறிஸ்தவம் கரைந்து போனது. 1816 இல் அமெரிக்க மிசனறிகள் தெல்லிப்பழைக்கு வந்தபோது பழைய கோயில்கள் பாழடைந்து கிடந்தன. ஆனால் நூற்று நாற்பது வருடம் தடைசெய்யப்பட்டிருந்த கத்தோலிக்கம் உயிரோடு இருந்தது. தடைசெய்யப்பட்டிருந்த சைவமும் உயிரோடு இருந்தது. அரசாங்கச் சம்பளத்தில் நின்ற சமயம்தான் போனது. எங்கட தோழி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

பெயர் பதிந்த எங்கட முன்னோரை நாங்கள் போலிகள் என்று சொல்ல மாட்டோம். பிள்ளைக்குக் காணி போகக்கூடாது என்று பயந்த தாயைப் பார்த்து 'வேசம்' என்று சொல்ல எங்களுக்கு என்ன தகுதி? வேசம் போடவைத்தவனுக்குத்தான் அந்தப் பழி. ஆனால் இன்றைக்கு எங்களை யாரும் கசையால் அடிக்கவில்லை. அப்படியிருந்தும் பள்ளிக்கூட அனுமதிக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் தேடி ஓடுகிறோம். திருநாளுக்கு ஆர் பெரிய ஒலிபெருக்கி கட்டினது என்று போட்டி போடுகிறோம். உபவாசப் படத்தை முகநூலில் போடுகிறோம். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

மலைப்பிரசங்கத்தில் இயேசு கதவைப் பூட்டிக்கொண்டு செபிக்கச் சொன்னார். சில்லாலையில் பயத்தில் கதவைப் பூட்டினார்கள், அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு நோயாளிப் பிச்சைக்காரனுக்குச் சோறும் இருந்தது. எங்கட வீட்டுக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? தோம்பில் அதற்கு நிரல் இல்லை. நாங்கள்தான் பார்க்கவேண்டும்.